வீணைப் பெட்டியின் கீல் எங்கே உடைகிறது?

சரஸ்வதி வீணை ஏறக்குறைய நான்கு அடி நீளமுள்ள வாத்தியம். ஒரு கோடியில் பலாமரத்தில் குடைந்த குடம், மறுகோடியில் யாளி முகம், அதற்குச் சற்று இப்பால் தண்டியின் அடியில் சுரைக்குடுக்கை, தண்டியின் மேலே மெழுகில் பதித்த 24 மெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆபத்து உண்டு. குடுக்கை அடிபட்டால் விரியும். மெழுகு வெயிலில் இளகி மெட்டு நகர்ந்தால் மேளம் கட்டுபவரைத் தேடி ஓட வேண்டும். குடத்துக்கும் தண்டிக்கும் இடையிலான ஒட்டு, வாத்தியம் ஓரமாக விழுந்தால் விட்டுக்கொடுக்கும் (ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணைக்கு இந்தக் கடைசிக் கவலை மட்டும் இல்லை). இத்தனைக்கும் சேர்த்துத்தான் கண்ணாடியிழை ஓட்டாலான பெட்டி வாங்குகிறோம். அதில் ஓடு எத்தனை கனம், உள்ளே எந்த நுரைப்பஞ்சு, சக்கரம் உண்டா என்றெல்லாம் கேட்கிறவர்கள் கீலைப் பற்றிக் கேட்பதில்லை. பின்புற விளிம்பில் விரல் நீளத்துக்கு இரண்டோ மூன்றோ கீல்கள், ஒவ்வொன்றிலும் சில ரிவிட்கள், அவ்வளவுதான். அவை பிய்ந்து வரும்போது தோன்றும் முதல் யோசனை, இதைவிடத் தடித்த கீலாகப் பார்த்துப் போடுவது. பெரும்பாலும் அது பயன் தராத யோசனை. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

பிய்ந்து வந்த கீலைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஊசி வளைந்திருக்காது, பட்டை முறிந்திருக்காது. ரிவிட்டின் தலை ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். அது இருந்த இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருக்கும். பிளைவுட் பெட்டியாக இருந்தால் திருகாணியின் மரைகள் பிடித்திருந்த மரத்தூள் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். இதில் வியப்பொன்றும் இல்லை. மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண எஃகு ஊசி, ஒரு வெட்டுத்தளத்தில் மட்டுமே ஆயிரம் நியூட்டனுக்கு மேல் தாங்கும். ஐந்து கணுக்கள் உள்ள கீலில் அப்படி நான்கு தளங்கள் உண்டு. ஆக ஒற்றைக் கீலின் ஊசியை வெட்டவே நானூறு கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசை வேண்டும். அதே கீலைப் பிடித்திருக்கும் ஓடோ இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியிழைத் தகடு. அதன் இழைகள் தகட்டின் பரப்போடு ஓடுவதால் பரப்பின் திசையில் இழுத்தால் பிரமாதமாகத் தாங்கும். குறுக்கே, அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் இழைகளுக்கு வேலையே இல்லை, இடையிலுள்ள பிசின் மட்டும்தான் எதிர்க்கும். கீலின் ரிவிட் இழுப்பது இந்த இரண்டாவது திசையில்.

அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? மூடியின் எடை மூன்று கிலோ, அகலம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்து அப்படியே பின்னால் சாய்த்து விடுகிறோம். அதைத் தடுக்க வேறெதுவும் இல்லையென்றால் கீலின் பட்டைகளோ இரு விளிம்புகளோ ஒன்றையொன்று முட்டும் இடத்தில்தான் மூடி நிற்கும். படுக்கை மட்டத்தில் நிற்கிறது என்றால் மூடியின் எடைமையம் கீலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 30 நியூட்டன் எடை அங்கே தொங்குகிறது. திருப்புத்திறன் 600 நியூட்டன்-சென்டிமீட்டர். அதை எதிர்க்கும் ரிவிட்களுக்கும் முட்டும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு சென்டிமீட்டர்தான். எனவே ரிவிட்கள் 600 நியூட்டன் விசையோடு, அதாவது 60 கிலோவைத் தொங்கவிட்டதுபோல, ஓட்டிலிருந்து பிடுங்கப்படுகின்றன. மூன்று கிலோ மூடி, யாரும் தொடாமல் சும்மா கிடக்கும்போதே இந்த நிலை. மூடியின் வெளி விளிம்பில் ஒருவர் கையை ஊன்றி ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தினால் அதற்கு மேல் இன்னும் 2,000 நியூட்டன் சேரும். நெம்புகோலின் குட்டைப் பக்கத்தில் நாம் ஒட்டியிருப்பதோ மெல்லிய தகடு.

மூடி கையை விட்டு நழுவி விழுந்தால் இன்னும் மோசம். செங்குத்தாக நிற்கும் மூடி பின்னால் சரிந்து படுக்கை மட்டத்துக்கு வரும்போது எடைமையம் 20 சென்டிமீட்டர் இறங்குகிறது. சுமார் 6 ஜூல் ஆற்றல் எங்காவது கரைந்தாக வேண்டும். கீல் இருக்கும் இடத்தில் ஓடு இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே இசைந்து கொடுக்கும் என்றால் சராசரி விசை 3,000 நியூட்டன். உச்ச விசை அதைவிடக் கூடுதல். தடித்த கீல் போட்டாலும் இந்தக் கணக்கில் ஒரு எண்கூட மாறாது. சொல்லப்போனால், பழைய மெல்லிய கீல் கொஞ்சம் வளைந்து ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே விழுங்கியிருக்கும். புதிய தடித்த கீல் வளையாது, முழு அடியையும் ஓட்டுக்கே அனுப்பும். முன்பு கீல் கோணியது, இப்போது பெட்டி கிழிகிறது. பழுதை இடம் மாற்றியதைத் தவிர நாம் எதையும் சாதிக்கவில்லை.

ஆகவே கீலைப் பலப்படுத்தும் முதல் வேலை கீலில் தொடங்குவதில்லை. மூடியை 105 பாகைக்கு மேல் போகவிடாத ஒரு நாடாவில் தொடங்குகிறது. அந்தக் கோணத்தில் மூடி செங்குத்தைத் தாண்டி 15 பாகைதான் சாய்ந்திருக்கும். எனவே எடையின் திருப்புத்திறன் படுக்கை நிலையில் இருந்ததில் கால் பங்காகிவிடும். நாடாவின் இரு முனைகளையும் கீலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, ஒன்றை மூடியிலும் ஒன்றை அடிப்பாகத்திலும் பொருத்தினால், நாடாவின் கோடு கீலிலிருந்து 12 சென்டிமீட்டர் விலகி ஓடும். அதில் வரும் இழுவிசை 13 நியூட்டன். ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். 600 எங்கே, 13 எங்கே! நைலான் நாடா என்றால் கொஞ்சம் நீளவும் செய்யும், மூடி வேகமாக வந்து நின்றாலும் அடி தணிந்து இறங்கும். சங்கிலி பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் நீளாது, வெடுக்கென்று நிற்கும், அந்த வெடுக்கை அதன் கொண்டி தாங்க வேண்டும். பக்குவமாகத் திறந்து மூடுகிறவருக்கு நாடா எதற்கு என்று கேட்கலாம். பக்குவம் காப்பாற்றுவது விழும் மூடியிலிருந்து மட்டுமே. சாய்த்து வைத்த மூடியின் 600 நியூட்டன் பக்குவமானவருக்கும் அதே 600தான். தவிர, கச்சேரி முடிந்து பெட்டியைக் கட்டும் அவசரத்தில் மூடியைப் பிடிப்பது எப்போதும் வாத்தியக்காரரின் கையாக இருப்பதில்லை.

நாடா ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பது சில்லறைக் கேள்வி போலத் தோன்றினாலும் இந்த விஷயத்தின் மையத்துக்கு அதுவே நம்மைக் கொண்டுபோகிறது. நான்கரை அடி நீள மூடியை ஒரு முனையில் மட்டும் பிடித்து நிறுத்தினால் மறுமுனை இன்னும் கொஞ்சம் பின்னால் போகப் பார்க்கும், மூடி முறுக்கிக்கொள்ளும். முறுக்கு என்றதும் பெட்டியின் வடிவத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு தாளைச் சுருட்டி விளிம்புகளை ஒட்டிக் குழாயாக்கி இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள், அசைந்து கொடுக்காது. ஒட்டைப் பிரித்துவிட்டு மறுபடி திருகினால் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக் குழாய் துவண்டுவிடும். மெல்லிய சுவருள்ள வட்டக் குழாய்க்கு இந்த வித்தியாசத்தைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: ஆரத்தைச் சுவரின் கனத்தால் வகுத்து, இருமடி ஆக்கி, மூன்றால் பெருக்க வேண்டும். ஆரம் 20 சென்டிமீட்டர், கனம் 2.5 மில்லிமீட்டர் என்றால் மூடிய குழாய் பிளந்த குழாயைவிட முறுக்குக்கு 19,000 மடங்கு விறைப்பானது. வீணைப் பெட்டி வட்டக் குழாய் அல்ல, ஆகவே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வித்தியாசம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற அளவில் இல்லை என்பதே இங்கே வேண்டிய செய்தி. குழாயைக் குழாயாக வைத்திருப்பது சுவரின் கனத்தைவிட, விளிம்புகள் நீளவாக்கில் சறுக்காமல் இருப்பதுதான்.

இப்போது இரண்டு கீல் போட்ட பெட்டியைப் பாருங்கள். நான்கரை அடி விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும் பிடிப்பு. மற்ற இடமெல்லாம் சறுக்குவதற்குத் திறந்து கிடக்கிறது. ஒருவர் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஓடு முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது. அந்தச் சறுக்கு விசை முழுவதும் அந்த இரண்டு கீல்களின் ரிவிட்களில் குவிகிறது. நீளமான துணியின் விளிம்பை இரண்டே இரண்டு தையலில் நிறுத்துவது போன்ற ஏற்பாடு இது. நூல் எத்தனை கெட்டியாக இருந்தாலும் துணி அந்த இரண்டு இடங்களில் கிழியும். நெருங்கிய தையலுக்கு இணையானது பியானோ கீல். பியானோவின் நீள மூடிக்குப் போடுவதால் வந்த பெயர். விளிம்பு முழுவதும் ஓடும் ஒரே கீல், ஒரே ஊசி, வரிசையாகத் துளைகள். அதன் தகடு சாதாரணக் கீலைவிட மெல்லியதாகவே இருக்கும். இரண்டு குட்டைக் கீல்களின் ஆறு ரிவிட்களுக்குப் பதில் இருபதுக்கு மேற்பட்ட ரிவிட்கள் பங்கு போட்டுக்கொள்வதால் எந்த ஒன்றுக்கும் வரும் விசை அந்த அளவுக்குக் குறைகிறது. வாங்கும்போது இரண்டு பட்டைகளையும் பிடித்து ஊசியின் நீளவாக்கில் ஆட்டிப் பார்ப்பது நல்லது. லொடலொடவென்று நகர்ந்தால் மூடியைச் சுழற்ற அது போதும், சறுக்கலைத் தடுக்கப் போதாது.

எடை கூடாதா என்று விமானத்தில் போகிறவர்கள் கேட்பது நியாயம். பல சர்வதேசத் தடங்களில் ஒரு மூட்டைக்கு 23 கிலோதான் வரம்பு. நான்கு அடி நீளம், விரித்தால் நான்கு சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுப் பியானோ கீல் அரைக் கிலோ வரும். அலுமினியத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. கழற்றிய கீல்களின் எடையைக் கழித்தால் கூடுதல் சுமை ஒரு சுருதிப் பெட்டி அளவுகூட இல்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பியானோ கீலுக்கு நேரான விளிம்பு வேண்டும். வாத்தியத்தின் உருவத்தையே பின்பற்றும் பெட்டிகளில் விளிம்பு குடத்தருகே வெளியே புடைத்து, தண்டியருகே உள்ளே வாங்கி, மறுபடி புடைக்கும். வளைந்த கோட்டில் கீல் சுழலாது. அங்கே குட்டைக் கீல்கள்தான் வழி. ஆனால் அவை அத்தனையும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். உள்வாங்கிய இடங்களில் கட்டை வைத்துக் கீலை வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும். இரண்டு கீல்கள் சற்றுக் கோணினாலும் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். பலம் கூடட்டும் என்று மூன்றாவதைச் சேர்த்து அதன் ஊசி மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று கீல்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கீலின் எண்ணிக்கையைக் கூட்டுவது எப்போதும் நல்லது என்ற எண்ணம் இங்கே தப்பு. துளை போடுவதற்கு முன் எல்லாக் கீல்களிலும் ஒரே நீளக் கம்பியைச் செருகிப் பார்த்துக் குறியிட்டால் இந்தத் தொல்லை வராது.

அடுத்தது பிடிப்பு. எட்டு மில்லிமீட்டர் தலையுள்ள ரிவிட் ஓட்டைத் துளைத்து வர வேண்டுமென்றால் அந்தத் தலையின் சுற்றளவில்தான் ஓடு வெட்டுப்பட வேண்டும்: 25 மில்லிமீட்டர் சுற்றளவு, இரண்டரை மில்லிமீட்டர் கனம், ஆக 63 சதுர மில்லிமீட்டர் எதிர்ப்பு. உள்பக்கம் 20 மில்லிமீட்டர் வாஷர் வைத்தால் அது 157 ஆகும். பத்து சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அலுமினியத் தகட்டை உள்ளே கொடுத்து போல்ட் முடுக்கினால் 650. பத்து மடங்கு! ஆனால் தகடு வளையாத கனத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். தகர டப்பாவிலிருந்து வெட்டிய துண்டு போல்ட்டைச் சுற்றிக் குழிந்து மறுபடி சின்ன வாஷராகவே வேலை செய்யும். எபாக்சியால் ஒட்டினால் போதாதா என்றால், பசை சறுக்கு விசையை நன்றாகத் தாங்கும், உரிக்கும் விசையைத் தாங்காது. பின்னால் சாயும் மூடி கீலின் பட்டையை உரிக்கத்தான் செய்கிறது. போல்ட்டோடு சேர்த்துப் பசை போடலாம். தகட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள மேடுபள்ளத்தை அது நிரப்பும். நட்டு அதிர்வில் கழலாமல் இருக்க நைலான் வளையம் பதித்ததாக வேண்டும். முனை உள்ளே நீட்டிக்கொண்டு குடத்தைக் கீறாமல் மேலே குமிழ் நட்டோ கம்பளியோ வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பழைய துளைகளை என்ன செய்வது? 1898இல் ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் குஸ்தாவ் கிர்ஷ் காட்டியது, இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்பது. துளை எவ்வளவு சிறியது என்பது இதில் பொருட்டே இல்லை. 1913இல் இங்கிலாந்தில் சார்லஸ் இங்லிஸ் இதை நீள்வட்டத் துளைகளுக்கு விரித்து, முனை கூர்மையாக ஆக ஆகத் தகைவு ஏறிக்கொண்டே போவதைக் காட்டினார். ஒரே சீரான பொருளுக்குப் போட்ட கணக்குகள் இவை. இழைத் தகட்டில் எண் மாறும், போக்கு மாறாது. பிய்ந்த ரிவிட் விட்டுப்போன நட்சத்திர விரிசலின் ஒவ்வொரு காலும் அப்படி ஒரு கூர்முனை. அதன்மேல் புதுத் தகட்டை வைத்து மறைத்தால் விரிசல் தகட்டுக்கு அடியிலேயே வளர்ந்து ஓரத்தில் தலைகாட்டும். காலின் நுனியில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுக் கூர்மையை மழுக்கி, உள்பக்கம் கண்ணாடியிழைத் துணியும் பிசினும் வைத்து ஒட்டிய பிறகே கீல் வேலைக்குப் போக வேண்டும்.

உலோகத் தேர்விலும் ஒரு பொறி இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் நல்ல கீலாக வாங்கி அதை அலுமினிய ரிவிட்டால் பொருத்துவது சர்வ சாதாரணம். உப்பீரம் பட்டால் இந்த இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். எஃகின் பரப்பு பெரிதாகவும் அலுமினியத்தின் பரப்பு சிறிதாகவும் இருந்தால் கரைவது வேகமாகும். பெரிய எஃகுக் கீலும் குட்டி அலுமினிய ரிவிட்டும் சரியாக அந்த மோசமான விகிதம். கடற்காற்று வீசும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ரிவிட்டின் கழுத்தில் வெள்ளைப் பொடி பூப்பது இதனால்தான். எஃகுக் கீலுக்கு அதே எஃகில் போல்ட் போடுவது சிறந்தது. ஓடு கண்ணாடியிழையானால் அது மின்சாரம் கடத்தாது, கவலை இல்லை. கரியிழைப் பெட்டி என்றால் ஓடே கடத்தும். அலுமினியம் அதில் நேரடியாகப் படக் கூடாது. விமானம் கட்டுபவர்கள் கரியிழைக்கும் அலுமினியத்துக்கும் இடையே கண்ணாடியிழை அடுக்கு ஒன்றைக் கொடுப்பது இதற்காகத்தான்.

கீலே இல்லாமல் செய்துவிட்டால் என்ன? ஊர் ஊராகப் போகும் ஒலிபெருக்கி, மின்னிசைக் கருவிகளின் பெரிய பெட்டிகள் பலவற்றில் மூடி தனியாகக் கழன்று வரும். சுற்றிலும் கொக்கிகள், விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் அலுமினியத் தண்டு. பிய்வதற்குக் கீல் இல்லை. பொறியியலாகப் பார்த்தால் அருமையான தீர்வு. நீள மூடியைக் கழற்றி வைக்க இடம் வேண்டும், இரண்டு பக்கமும் கொக்கிகள் வேண்டும், ஒற்றை ஆளாகப் பெட்டியைக் கையாளுவது சிரமம். வீணைக்கு அது ஒத்துவராது என்பது என் கணிப்பு. ஆனால் அந்தப் பெட்டிகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் விளிம்பில் இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டி உடைவது மூடிய நிலையில், கீழே விழும்போதுதானே, திறப்பதையும் சாய்ப்பதையும் பற்றி இவ்வளவு பேசி என்ன பயன் என்று ஒருவர் கேட்டால் பதில் இந்த விளிம்புதான். மூடி பக்கவாட்டில் நகராமல் தடுக்க வேண்டியது விளிம்பின் பள்ளமும் நாக்கும். அவை நசுங்கிப்போன பெட்டியில் அந்த வேலையையும் கீலும் கொக்கியும் செய்ய வேண்டிவரும். புதுக் கீல் போடுகிறவர் நசுங்கிய விளிம்பை முதலில் நிமிர்த்தாவிட்டால், கீல் பழைய வேலையோடு அந்த வேலைக்கும் சேர்த்துத் தேயும்.

கடைசியாக, பெட்டிக்குள் நாம் திணிப்பவை. நோட்டுப் புத்தகம், மாற்றுத் தந்தி, போர்த்தும் பட்டுத்துணி எல்லாம் கீல் பக்கத்து இடுக்கில்தான் போகும், அங்கேதான் இடம் இருக்கும். கீலிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு மடித்த துணி மூடியை முட்டினால் அதுவே நெம்புகோலின் தாங்குபுள்ளி. முன்பக்கத்தில் ஐந்து கிலோ அழுத்திக் கொக்கியை மாட்டுகிறவர், பின்பக்கத்தில் கீலை 600 நியூட்டனுக்கு மேல் மேலே தூக்குகிறார். கொக்கி மாட்டியபின் அந்த விசை அடுத்த ஊர் வரை அப்படியே இருக்கும். கீலை மிக இறுக்கமாகப் பொருத்தினாலும், புது நுரைப்பஞ்சைத் தடிப்பாக ஒட்டினாலும் இதே கதைதான். கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: இரண்டு விரல் அகலத்தில் செய்தித்தாள் துண்டுகளை விளிம்பைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் வைத்து மூடியை மூடி, கொக்கி மாட்டாமல் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி இழுபட்டால் நல்லது. கீல் பக்கத்துத் துண்டுகள் மட்டும் அசையாமல் இறுகி, முன்பக்கத் துண்டுகள் தாமாகவே வழுக்கி வந்தால், கீலுக்கு அடியில் அரை மில்லிமீட்டர் தகடு கொடுத்து உயர்த்த வேண்டும். முன்பக்கம் போலவே பின்பக்கமும் வழுக்கி வந்தால், முதலில் வீணையை வெளியே எடுத்து வைத்துவிட்டு இன்னொரு முறை சோதிக்க வேண்டும். அப்போது எல்லாம் சரியாக இறுகினால் கீலில் குறையில்லை, உள்ளே குடத்துக்கு மேலிருக்கும் பஞ்சைத்தான் இழைக்க வேண்டியிருக்கும்.